தணிகை செல்வார்க்கு ஓர் ஆற்றுப்படை

வழிகூறுதலையே நூற்பொருளாகக் கொண்டு பாடிய பழம்புலவர் ஐவர் நம் தமிழ்நாட்டில் உளர். பத்துப்பாட்டு எனத் தொகுக்கப்பெற்ற பத்தனுள் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் என்னும் ஐந்தும் அவ்வகையைச் சார்ந்தன. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது ஒருவனை அவ்வழியிலே செலுத்துதல். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்வோன், வறுமையோடு எதிர்ப்படும் தன்னினத்தானைக் கண்டு, இன்ன நெறியே செல்க, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்னவிடத்து ஊறு உண்டு என்று விளங்கக் கூறுதலே இவற்றின் அமைப்பாகும். திருமுருகாற்றுப்படையில் மட்டும் பரிசில் பொருளன்று, வீடு.

நாம் இந்நூல்களைத் தேர்வின்பொருட்டுப் படிக்கின்றோம். அடிகள் எத்தனை, பாடினோர் யார், பாட்டுடைத் தலைவன் யார் என்பனவற்றை மனப்பாடஞ் செய்கின்றோம். மலைபடுகடாம் 583 அடிகளை உடையது, இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் நன்னன்மேற் பாடியது என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகின்றது. ஆனால் அந்நூல் மெய்யாகவே வழிநடப்போனுக்குப் பயன்படுமாறு அமைந்ததென்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பன்றியைப் பிடிக்க வைத்த பொறிகள் இருக்குமிடத்தை அது சொல்லுகின்றது. தினைப்புனங் காப்போர் விடுகின்ற கவண்கல்லினின்று ஒதுங்கும் வகையைச் சொல்லுகின்றது. வழுக்குகின்ற பாறையிற் கால் வைக்குமாறும், இரவு வந்தால் மலைமுழைஞ்சிற் புகுந்து தங்குமாறும் சொல்லுகின்றது. முடிவில் சேயாற்றின் கரையைப் பற்றிச் செல்லுக என்று விடுக்கின்றது. கற்பனை நிரம்பிய புலவர் இவற்றை நினைத்துப் பாடியிருக்கலாம் என்பாரும் உளர். எனக்கு அது தோன்றவில்லை. அம்மலையில் நடந்து கால் நொந்தவரன்றிப் பிறர் இவ்வளவு நுணுக்கமாகக் கூறுதல் அரிது.

மேனாட்டிலும் இத்தொழிலைச் செய்தார் ஒருவர் உளர். ஜெர்மானிய நாட்டுக் கோப்ளென்ஸ் நகரில் 1827-ஆம் ஆண்டு நூல் வாணிகந் தொடங்கிய கார்ல் பேடெக்கர் என்பார், வழிப்போவார் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு நூல்களை வெளியிட்டார். எந்த வண்டியில் ஏறவேண்டும், எந்த விடுதியில் தங்கலாம், எதனைக் காணாது வரலாகாது என்பவற்றையெல்லாம் அவை கூறும். தலைசிறந்த காட்சிகட்கு விண்மீன் குறி இட்டிருக்கும். மிலான் நகரத்துப் பேராலயத்தின் படிகளை எண்ணுவதற்காக அவர் பையில் பட்டாணிகளை நிரப்பிக்கொண்டு, இத்தனை படிக்கு ஒரு பட்டாணி என்று மற்றொரு பைக்கு மாற்றிக்கொண்டே ஏறினார் என்றொரு செய்தி சொல்லப்படுகின்றது. பெருங்கௌசிகனார் இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

இனி, எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவேன். எனது ஊர் திருத்தணி. விடுதியில் உடன் உறையும் நண்பர் பலரும், தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் சிறப்பாக, எங்கள் ஊர்க்கு வருதல் எவ்வாறு என்று கேட்கின்றனர். காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வருவதா, பேருந்தா, புகைவண்டியா, மலைமேல் வண்டியிற் செல்வதா, படியேறுவதா என்பன அவர்தம் வினாக்கள். அவர்கட்குத் தனித்தனியே விடைகூறுதலினும் ஒருங்கே எழுதிவிடுதல் நன்றெனத் தோன்றியது. யான் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தவன். முருகன் அடியவர்க்கு வழிபாட்டு முறை கூறுதல் என் வேலையன்று. ஆயினும் ஆடித் திங்களிற் காவடி சுமந்து செல்வாருக்கு வீட்டு வாயிலில் நீர் வைத்துக்கொடுக்கும் பழக்கம் எங்கள் தெருவிற் சமய வேறுபாடின்றி உண்டு. எந்த வழியாய் வந்தவர் எந்நிலையில் வந்து சேருகின்றனர் என்பதை ஆண்டுதோறும் கண்டு வருகின்றேன்.

சென்னையினின்று வருவார்க்கு வழிகள் மூன்று. முதலாவது புறநகர் மின்வண்டி. சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட் நிலையத்தினின்று ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத் திருத்தணிவரை செல்வது. இரண்டாவது திருப்பதிக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் விரைவு வண்டி. மூன்றாவது சாலை. இது திருவள்ளூர் வழியே வந்து, திருத்தணியைத் தொட்டு, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று ஆந்திர நாட்டினுட் புகுவது. முன்பு 205 என்னும் எண்ணினையும் இப்போது 716 என்னும் எண்ணினையும் பெற்ற தேசிய நெடுஞ்சாலை. இரு மாநிலத்துப் பேருந்துகளும் இதன்கண் ஓடுகின்றன. சாலையைப்பற்றி இதற்குமேற் கூறவேண்டுவதில்லை. விரைந்து வந்து விரைந்து போகவேண்டியவர்க்கும், முதியோரை உடன்கொண்டு வருவார்க்கும் அது தக்கது, மாணவர்க்கு அன்று.

மாணவர்க்குரியது மின்வண்டியே என்பது என் துணிபு. அதன் கட்டணம் ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்கு மிகாது என்பது ஒரு காரணம். கையிற் பொருளில்லாத நம்மனோர்க்கு அது சிறு காரணமன்று. வேறொரு காரணமும் உண்டு. அது நிலையந்தோறும் நிற்கும். விரைவு வண்டி நில்லாது கடக்கும் நிலையங்களுள் ஒன்று திருவாலங்காடு. காரைக்காலம்மையார் தலையினால் நடந்து கயிலை சென்று மீண்டு, இறைவன் திருவடிக்கீழ் இருந்து பாடினார் என்று பெரியபுராணங் கூறும் ஆலங்காடு அதுவே. முதல் இராசேந்திர சோழனுடைய பெருஞ் செப்பேட்டுத் தொகுதி 1905-ஆம் ஆண்டு வெளிப்பட்டதும் அவ்வூரிலேதான். சோழர் வரலாற்றை நாம் படிக்கும் நூல்களிற் பல பக்கங்கள் அவ்வேடுகளின் துணையால் எழுதப்பட்டவை. கோயில் நிலையத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையிற் புறப்பட்டு அங்கு இறங்கி, கோயிலைக் கண்டு, அடுத்த வண்டியில் ஏறித் தணிகை வரலாம். காரில் வருவார் ஆலங்காட்டுக்கெனத் தனியே நெடுஞ்சாலையினின்று விலகவேண்டும், பெரும்பாலும் விலகுவதில்லை.

வண்டி ஏறும்போது ஒன்றை நோக்கவேண்டும். அரக்கோணத்தோடு நிற்கும் வண்டிகள் பல. திருத்தணிவரை வருவன சில. அரக்கோணத்தில் இருப்புப்பாதை பிரிகின்றது. மேற்கே செல்லும் பாதை காட்பாடி, சோலையார்பேட்டை நோக்கிப் போகும்; வடக்கே செல்லும் பாதையே எம்மூர்க்கு வருவது; தெற்கே செல்வது காஞ்சிபுரம், செங்கற்பட்டு போவது. மேற்கே செல்லும் விரைவு வண்டியில் ஏறி அமர்ந்து திருத்தணி வரவில்லையே என்று காட்பாடியில் இறங்கி நிற்பாரை யாம் நகைப்பதுண்டு.

இவ்விருப்புப் பாதையின் வரலாறு அறியத்தக்கது. தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு நிலையம்வரை ஓடிற்று. அரக்கோணம் அப்பாதையில் உள்ளது. அங்கிருந்து வடமேற்கே ஒரு கிளை தொடங்கி 1862-இல் ரேணிகுண்டாவை அடைந்தது. 1871-இல் இராய்ச்சூரிற் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. சென்னையும் பம்பாயும் இரும்பினாற் பிணைக்கப்பட்ட அப்பெருவழியிலே எம்மூர் இருக்கின்றது. அதற்கு முன்னர் வடக்கே செல்வார் பட்ட பாட்டினை ஏனுகுல வீராசாமி என்பார் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரைச் சரித்திரத்தினின்று அறியலாம். அவர் சென்னையினின்று 1830-ஆம் ஆண்டு புறப்பட்டு, பல்லக்குச் சுமப்போருடனும் கூடாரங்களுடனும் காசி சென்று, 1831-இல் மீண்டார். எந்த ஊரில் நல்ல நீர் உண்டு, எங்கே மண் சேறாகும், எந்த ஆற்றைக் கடக்க ஓடம் உண்டு என்று நாள்தோறும் குறித்துக்கொண்டார். அதுவும் ஓர் ஆற்றுப்படையே. பாட்டன்று, உரைநடை என்பதொன்றே வேறுபாடு.

தென்னாட்டினின்று, மதுரை திருச்சிராப்பள்ளிப் பக்கத்தினின்று, வருவார் சென்னைக்கே வந்து திரும்புதல் வீண். செங்கற்பட்டில் இறங்கினால் காஞ்சிபுரம் வழியே அரக்கோணம் சேரும் பாதை உண்டு. அப்பாதையில் தக்கோலம் என்னும் நிலையம் வரும். 949-ஆம் ஆண்டு இராட்டிரகூட மன்னன் மூன்றாங் கிருட்டிணனோடு பொருது, முதற் பராந்தகன் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் உயிர்விட்ட களம் அதுவே. சோழர் எழுச்சி அன்றொரு நாளில் முறிந்து, மீண்டும் தலைதூக்க ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. இன்று அங்கே சிறு நிலையமும் வயலும் காணலாம்.

வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் காட்பாடியினின்று புகைவண்டியில் அரக்கோணம் வந்து மாறலாம். அன்றி, இராணிப்பேட்டை, சோளிங்கர் வழியாகச் சாலையில் வரலாம். அவர்கட்கு மட்டும் யான் சாலையே நன்றென்பேன். சோளிங்கர் நரசிங்கர் மலை வழியில் உள்ளது. சாலையும் குன்றுகளின் இடையே வருகின்றது.

திருத்தணி நிலையத்தில் இறங்கியவுடன் மலை கண்ணிற்படும். அதன் இருமருங்கும் உள்ள குன்றுகளுள் ஒன்று வெளிறியும் மற்றொன்று கறுத்தும் இருக்கும். வெண்மையானது பச்சரிசி மலை; கரியது பிண்ணாக்கு மலை. புராணப் பெயர்கள் பல இருக்க, ஊரார் வாயில் நிலைத்தவை இவ்விரண்டுமே. உழவர் வைத்த பெயர் போலும்.

மலைமேற் செல்ல மூன்று வழி உண்டு எனலாம்: படிக்கட்டு, வண்டிச் சாலை, அச்சாலையிலேயே நடந்து செல்லுதல். படிகள் 365 என்று கணக்கிட்டு, ஆண்டின் நாட்களுக்கு அவை அடையாளம் என்பர். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு நடைபெறும் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசையிட்டு, திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவர். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த விழா அது. அதே இரவில் எங்கள் ஆலயத்திற் புத்தாண்டு ஆராதனை நடைபெறும். நாங்கள் மணியடித்து வெளிவரும்போது மலைப்படிகளில் விளக்கொளியும் பாட்டும் இறங்கிவரும். அவ்விரவில் ஊர்க்கு வர எண்ணுவார் முற்பகலிலேயே வந்து சேர்தல் நலம். மாலை வண்டிகளில் நிற்பதற்கும் இடமிராது.

படியேறுதலா, வண்டியா என்பதில் நண்பரிடையே வழக்கு உண்டு. படியேறுதலே பத்தி என்றும், வண்டியிற் செல்வது சோம்பல் என்றும் சிலர் பேசுகின்றனர். இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. முழங்கால் நோயுற்ற பாட்டியார்க்கும், கைக்குழந்தையோடு வருவார்க்கும் வண்டிச்சாலை பேருதவி. பழனியில் 1966 முதல் இழுவை வண்டியும், 2004 முதல் கம்பியில் தொங்கிச் செல்லும் ரோப் காரும் இயங்குகின்றன. சோளிங்கரில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற இயலாதார்பொருட்டு 2024-ஆம் ஆண்டு ரோப் கார் தொடங்கப்பெற்றது. இவற்றால் அம்மலைகளின் பெருமை குன்றிற்றென்று எவரும் கூறார். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டு ரிகி மலைக்குப் பற்சக்கரப் புகைவண்டி 1871-இல் ஓடத் தொடங்கியது. எங்கள் பாதை இராய்ச்சூரைத் தொட்ட அதே ஆண்டு. அந்நாட்டு ரோமன் ஆப்ட் என்பார் அமைத்த பற்சக்கர முறையே நம் நீலகிரிப் பாதையிலும் வழங்குகின்றது. மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர்வரை 1899-இலும், உதகைவரை 1908-இலும் அப்பாதை திறக்கப்பட்டது. மலைநாடாகிய சுவிட்சர்லாந்திற்குச் செல்வோர் அங்கும் இதே வினாவை எழுப்புகின்றனர்: வண்டியில் ஏறி நடந்து இறங்குவதா, நடந்து ஏறி வண்டியில் இறங்குவதா? முழங்காலுக்கு இறக்கமே பகை என்று அறிந்தோர் கூறுவர். ஆதலின் இளைஞரும் நடந்து ஏறி, இறங்குகையில் வேண்டுமாயின் வண்டி கொள்ளலாம்.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டில் வெப்பம் மிகுதியாகப் பதிவாகும் ஊர்களுள் எம்மூரும் ஒன்று. சித்திரை, வைகாசியில் முற்பகல் பத்து மணிக்குமேல் கற்படியில் வெறுங்காலோடு ஏறுதல் துன்பந்தரும். வெயில் ஏறுமுன் ஏறிவிடுக. கோடை விடுமுறையில் வரவேண்டாம் என்பதே என் கருத்து. மார்கழி, தை நன்று.

இனி, வருவார் பெரும்பாலும் காணாது செல்வதொன்றைச் சொல்லுகின்றேன். யான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு அதுவே முதற்காரணம். மலைக்கோயிலின்றி வீரட்டானேசுவரர் கோயில் என்றொன்று ஊரின் ஒருபுறத்தே உள்ளது. சிறிய கோயில், யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாட அமைப்பினது. பல்லவ மன்னருள் இறுதியில் ஆண்ட அபராசிதவர்மனுடைய காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பான் அதனைக் கல்லாற் கட்டுவித்தான். அவன் செயலைப் புகழ்ந்து ஒரு வெண்பா அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வெண்பாவைப் பாடினோன் அரசனே என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. நண்பர்காள், இதனைச் சிறிது எண்ணுங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் ஓர் அரசன் யாத்த வெண்பா, ஏட்டிற் படியெடுப்போர் கைபட்டுத் திரியாமல், வெட்டிய கல்லிலேயே நிற்கின்றது! நாம் படிக்கும் பண்டை நூல்களுட் பெரும்பாலான பிற்காலத்து ஏடுகளின் வழியே வந்தவை. பாடவேறுபாடு இல்லாத பக்கம் அரிது. இங்கே ஐயத்திற்கே இடமில்லை. வெண்பாவின் சீரும் தளையும் அக்காலத்தே எவ்வாறு எழுதப்பட்டன என்பதைக் கண்ணாரக் காணலாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் தணிகை வந்து இதனைக் காணாது மீள்வானாயின் அவன் வந்த செலவு வீணென்றே கூறுவேன். யாப்பருங்கலக் காரிகையைப் பையில் எடுத்துவருக.

இதனோடு மற்றொன்று. திருத்தணியை அடுத்த வேலஞ்சேரி என்னும் சிற்றூரில் 1977-ஆம் ஆண்டு செப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு தொகுதி அதே அபராசிதனுடையது. மற்றொன்று முதற் பராந்தக சோழனுடையது. பல்லவரை வென்று சோழர் தொண்டை நாட்டைக் கொண்ட வரலாறு ஒரே சிற்றூரின் நிலத்தடியில் இரு வம்சத்துச் செப்பேடுகளாகக் கிடந்தது. மலைமேலுள்ள முருகன் கோயிலின் பழைமையையும் இவற்றால் ஆராய்ச்சியாளர் அறிந்தனர். திருமுருகாற்றுப்படையிற் குன்றுதோறாடல் என்னும் பகுதியைத் தணிகைக்கு உரியதாகக் கொள்ளுதல் மரபு. ஆயினும் நூலினுள் தணிகை என்னும் பெயர் இல்லை. தேர்வில் இதனை மயங்கி எழுதுவார் உளர். மரபு வேறு, சான்று வேறு என்பதைச் செப்பேடுகள் கற்பிக்கின்றன.

தணிகையின் இலக்கியத் தொடர்பு இத்துடன் முடியவில்லை. அருணகிரிநாதர் பாடியதும், கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றியதும் எல்லோரும் அறிவர். அக்கச்சியப்பருடைய மாணவர் கந்தப்பையர் எம்மூரினர். அவர் மைந்தர் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சென்னை சென்று, தமிழ் நூல்களை அச்சிற் கொணர்ந்தும், உரை வகுத்தும் தொண்டாற்றினர். நாம் இன்று திருக்குறளை அச்சுப் புத்தகமாகக் கையில் வைத்திருப்பதற்கு அவர்கள் போன்றோர் உழைப்பும் ஒரு காரணம். அவர்கள் சென்னை சென்ற காலத்தே இருப்புப்பாதை இல்லை. மாட்டுவண்டியோ, நடையோ, யாதாயினும் நாட்கணக்கான பயணம்.

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்ததும் இப்பக்கத்திலேயே. அவர் திருப்பதியில் லூதரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் வூரிஸ் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு இது மகிழ்ச்சி தருவது. திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய மூன்றற்கும் அரக்கோணத்தினின்று கிளைக்கும் பாதைகளாற் செல்லலாம் என்பதையும் நோக்குக. சந்திப்பு நிலையத்திற்கு அருகிருந்த சிற்றூர்ச் சிறுவனுக்கு மூன்று திசையிலும் கல்வி திறந்திருந்தது.

ஒருநாள் மிகையாக உள்ளவர்க்கு வேறொரு செலவு கூறுவேன். திருத்தணியில் மீண்டும் வடக்கே செல்லும் வண்டியேறி ஒரு மணிநேரம் செல்லுக. விரைவு வண்டி வேண்டா. நிலையந்தோறும் நிற்பதே வேண்டும். சில நிலையங்கள் கடந்தவுடன் பெயர்ப்பலகையிற் தமிழ் மறைந்து தெலுங்கு தோன்றும். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்னும் நீண்ட பெயருடைய நிலையமும் இவ்வழியிலேதான் இருக்கின்றது. இந்திய நாட்டு நிலையப் பெயர்களுள் மிக நீண்டவற்றுள் ஒன்றாக அதனைக் கூறுவர். வண்டியினுள்ளோ மொழி அவ்வாறு ஓரிடத்தில் மாறுவதில்லை. அரக்கோணத்தில் தமிழ் பேசி ஏறிய பூக்காரி நகரியில் தெலுங்கிலே விலைபேசுவாள். இரண்டும் அவளுக்குத் தாய்மொழிபோலவே இருக்கும்.

இதனைக் கூறுவது வேடிக்கைக்கன்று. இந்நிலம் எந்நாட்டிற்கு உரியது என்னும் வழக்கு ஒருகாலத்தே பெரிதாக எழுந்தது. எம்மூர் கார்வேட்டிநகர் ஜமீனைச் சார்ந்திருந்தது. 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வைக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டத்தோடு சென்றது. வேங்கடமும் குமரியும் தமிழ்நாட்டின் எல்லைகள் என்னும் தொல்காப்பியப் பாயிரத்தை முன்வைத்து, ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர், சிறை புகுந்தனர். பின்னர்ப் படாஸ்கர் என்பார் இரு மாநிலத்திற்கும் நடுநின்று எல்லை வகுக்க, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வேங்கடம் ஆந்திரத்தில் நின்றது. தணிகை தமிழ்நாட்டிற்கு வந்தது. எங்கள் பாட்டனார் ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று ஆட்சியைக் கண்டனர். இருபுறத்தும் உறவினர் உடைய குடும்பங்கள் இன்றும் பல. சித்தூர்க்குப் பெண் கொடுத்தவரும், புத்தூரிற் பெண் கொண்டவரும் திருநாள்தோறும் இவ்வண்டியிலேயே போய்வருகின்றனர். எல்லையைப் படத்தில் ஒரு கோடாகக் காணும் நாம், அது நிலத்தில் ஒரு கோடாக இல்லை என்பதை அறிய இவ்வொரு மணிநேரப் பயணம் போதும். ஒரே பகலில் திருத்தணி, திருப்பதி, காளத்தி மூன்றையும் காட்டிவிடும் வாடகை வண்டியில் இது புலப்படாது. அவ்வண்டியில் வருவாருட் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் உறங்கிக்கொண்டு வருகின்றனர்.

கூட்டமாக வருதலைப்பற்றி ஒருசொல். இங்கிலாந்தில் தாமஸ் குக் என்னும் பாப்டிஸ்டுச் சபையார் ஒருவர், மதுவிலக்குக் கூட்டத்திற்குச் செல்வாரை 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் லெஸ்டரினின்று லஃப்பரோவுக்குத் தனிப் புகைவண்டியில் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். உலகெங்கும் கூட்டுப் பயண வாணிகம் வளர அது ஒரு வித்தாயிற்று. எளியவர்களும் ஊர் காண முடிந்தது, அது நன்றே. ஆனால் ஐம்பது பேர் ஒருங்கு சென்றால் வீரட்டானத்துக் கல்வெட்டின் முன் மூவர்க்குமேல் நிற்க இடமில்லை. எழுத்தைக் காண நிழலும் ஒளியும் ஒத்துவர வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆறு பேருக்கு மேற்படாமற் பிரிந்து வருக. ஆசிரியர் ஒருவரோடு வருதல் நன்று. பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவராயின் மிக நன்று.

நாளைப் பகுத்துக்கொள்ளுமாறு இது. முதல்நாள் விடியற்காலை மின்வண்டியில் ஏறி, ஆலங்காடு கண்டு, பிற்பகல் திருத்தணி சேருக. மாலை வெயில் தாழ்ந்தபின் வீரட்டானம் செல்க. சாய்ந்த ஒளியிற் கல்லெழுத்து நன்கு தெரியும். வழியில் நந்தியாறு குறுக்கிடும். மழைக்காலம் நீங்கலாக அதில் மணலே மிகுதி. இரவு ஊரில் தங்குக, விடுதிகள் உண்டு. ஆடிக் கிருத்திகை நாட்களில் மட்டும் இடங் கிடைத்தல் அரிது; பூக்காவடிகள் இலக்கக்கணக்கான மக்களோடு வருங்காலம் அது. மறுநாள் விடியுமுன் சரவணப் பொய்கைக் கரையினின்று படியேறத் தொடங்கினால், ஞாயிறு தோன்றும்போது மேலே நிற்கலாம். கிழக்கே வயல்களும், ஏரிகளும், இருப்புப்பாதையும் தெரியும்; பாதையில் ஊர்ந்துவரும் வண்டி சிறு பூரான்போலத் தோன்றும். கோயிலுட் செல்வார் செல்க. செல்லாதார் மதிற்புறத்தே நின்று இக்காட்சியைக் காண்க. இறங்கி உணவுண்டபின், விருப்பமுள்ளோர் நகரிவரை சென்று மீளலாம். அல்லாதார் காஞ்சிபுரம் செல்லலாம். அரக்கோணத்தில் மாறுதற்குக் காத்திருக்கும் நேரம் சிலபோது நீளும். நிலையத்தின் நடைமேடையில் நிழலுண்டு. பெரும்பாணாற்றுப்படையைக் கையில் வைத்திருப்பவர்க்குக் காலம் போவது தெரியாது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் உருத்திரங்கண்ணனார் பாடியது அது; உப்பு வண்டிகள் வரிசையாகச் செல்வதும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் சுங்கச் சாவடி உள்ள பெருவழியிற் போவதும் அதன்கண் வரும். செங்கற்பட்டு வண்டி வந்து நின்றவுடன் ஏறி இடப்புறம் அமர்க. பிற்பகல் வெயில் அப்பக்கம் படாது.